கிரானைட்டுக்குச் சுவை உண்டா?

சிரா என்ற கருந்திராட்சையின் ஒயினைப் பற்றிய சுவைக் குறிப்புகளில் ஒரு வரி விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. பிரான்ஸின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கின் மூன்று ஒயின் பகுதிகளைப் பாருங்கள். கோர்னாஸ் என்றால் கிரானைட்டின் கனிமச் சுவை. சேன் ஜோசெஃப் என்றால் நொறுங்கிய பாறையின் வாசம். எர்மிடாஜ் என்றால் கல்லின் உறுதி. எழுதுபவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஒயின்களில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது: பிடித்து இழுத்ததுபோல் ஓர் இறுக்கம், விழுங்கிய பிறகும் நெடுநேரம் தங்கும் நீளம், கரும்பழங்களின் இனிப்பை மீறி நிற்கும் புகை, இரும்பு, உப்புச் சாயல். சமவெளியில் விளைந்த சிராவைப் பக்கத்தில் வைத்துக் குடித்தால் வேறுபாடு கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் அளவுக்குத் தெளிவு. என் மனம் ஒப்பாதது விளக்கத்தில்தான். அந்தச் சாயல் பாறையிலிருந்து வேர் வழியாகப் பழத்துக்கு ஏறி வருகிறது என்கிறார்கள். வேதியியலில் அது நிற்காது. அதைவிட முக்கியம், அந்த விளக்கத்தை நம்பிவிட்டால் சரிவில் உண்மையாக நடக்கும் வேலை எதுவும் கண்ணில் படாமல் போகிறது.

கிரானைட் என்பது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகியவை இறுகிய பாறை. இவை எதுவும் நாக்குக்கு எட்டும் அளவுக்கு நீரில் கரைவதில்லை. ஆவியாவதும் இல்லை என்பதால் மணமும் கிடையாது. வேர் எடுத்துக்கொள்வது பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை. ஒரு பொட்டாசியம் அயனி ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து வந்ததா, மாட்டெருவிலிருந்து வந்ததா என்று கொடிக்குத் தெரியாது. பிரிட்டிஷ் புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் பல ஆண்டுகளாக இதைத்தான் விளக்கி வருகிறார். மழை பட்ட கல்லின் வாசம்கூடக் கல்லினுடையது இல்லை. கல்லின் மேல் படிந்த எண்ணெய்ப் படலத்தின் வாசம் அது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1964-லேயே காட்டிவிட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே மண் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு என்று முடித்துக்கொள்வதும் சோம்பல்தான். எர்மிடாஜ் குன்றையே எடுத்துக்கொள்வோம். ரோன் நதியின் இடக்கரையில், தேன்-லெர்மிடாஜ் ஊருக்கு மேலே, மொத்தமே சுமார் 140 ஹெக்டேர். அதன் மேற்கு முனையான லே பெஸ்ஸார் முழுக்க கிரானைட். வலக்கரையில் இருக்கும் மாசிஃப் சென்ட்ரல் மலைத்தொகுதியை நதி அறுத்துப் பாய்ந்ததில், ஒரு துண்டு இக்கரையில் தங்கிவிட்டது. அதற்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் ல மெயாலில் நதி கொண்டுவந்த கூழாங்கற்களும் சுண்ணாம்பும் கலந்த மண். ஷாபூட்டியே நிறுவனம் பெஸ்ஸாரிலிருந்து 'ல பாவியோன்' என்ற ஒயினையும், மெயாலிலிருந்து 'ல மெயால்' என்றே இன்னொன்றையும் தனித்தனியாகப் புட்டியில் அடைக்கிறது. ஒரே குன்று, ஒரே தெற்கு முகம், ஒரே நிலவறை. இருந்தும் பாவியோன் இளமையில் மூடிக்கொண்டு இறுக்கமாக இருக்கும். மெயால் அகலமாக, வெப்பமாக, சீக்கிரம் பேசத் தொடங்கும். மண் ஏதோ செய்கிறது. எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

தண்ணீர்க் கணக்கு

கிரானைட் சிதையும்போது ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறுகிறது, குவார்ட்ஸ் மாறாமல் பருமணலாக உதிர்கிறது. கோர்னாஸிலும் சேன் ஜோசெஃபிலும் இந்த உதிர்மண்ணுக்கு 'கோர்' என்று பெயர். கையில் அள்ளினால் கற்கண்டுத் தூள்போல் விரலிடுக்கில் ஓடிவிடும். அமிலத்தன்மை கொண்ட மண். அதில் உண்டாகும் களிமண் பெரும்பாலும் கயோலினைட் வகை, ஊட்டங்களைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்தது. மட்குச் சத்தும் சரிவில் தங்காது. இப்படிப்பட்ட பருமணல் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 50 முதல் 80 மில்லிமீட்டர் நீரைத்தான் கொடிக்குத் தர முடியும். நல்ல களிச்சேற்று மண்ணில் இது 150-ஐத் தாண்டும். கோடையில் ஒரு தோட்டம் நாளுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மீட்டர் மண்ணில் இருக்கும் நீர் சுமார் 17 முதல் 40 நாட்களுக்குத்தான் வரும்.

இங்கேதான் சிராவின் குணம் முக்கியமாகிறது. கிரெனாஷ் போன்ற கொடி, மண் காயத் தொடங்கியதுமே இலைத்துளைகளை மூடிக்கொண்டு நீரைச் சேமிக்கும். சிரா அப்படிச் செய்யாது. மாதக் கடைசியைப் பற்றி யோசிக்காமல் முதல் வாரத்திலேயே சம்பளத்தைச் செலவழிக்கும் வீடு அது. மண் வறண்டாலும் துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். இலைக்குள் நீரழுத்தம் விழுந்துகொண்டே போகும். பிறகு திடீரென அடி இலைகள் மஞ்சளாகி உதிரும். அப்படிப்பட்ட கொடியை நீரே தங்காத மணலில் நட்டிருக்கிறார்கள். பிழைப்பது எப்படி என்றால், கீழே இருக்கும் பாறை முழுப்பாறை இல்லை. விரிசல்கள் உண்டு, அந்த விரிசல்களில் ஈரமும் களியும் தங்கியிருக்கும். முதிர்ந்த கொடியின் வேர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். புதுக்கன்றுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. அதனால்தான் கிரானைட் சரிவில் இளங்கொடிகள் வறட்சி ஆண்டில் முதலில் வாடுகின்றன. பழைய கொடிகளை அங்கே பொத்திப் பாதுகாப்பதற்கு, பெருமையைவிட இந்தத் தண்ணீர்க் கணக்கே பெரிய காரணம்.

இதன் பலன் பழத்தில் தெரிகிறது. மிதமான, சீரான தாகம் இருந்தால், குறிப்பாகப் பூவுக்கும் நிறம் மாறுவதற்கும் இடையில், தளிர் வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடும், காய் சிறியதாகவே தங்கும். காய் சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். நிறமும், வாயை இறுக்கும் துவர்ப்பான டானினும் தோலில் இருக்கின்றன. ஒயினில் 'கல்லின் உறுதி' என்று எழுதப்படுவதில் பெரும்பங்கு இந்தச் சின்னக் காயின் தடித்த தோல் என்பது என் முடிவு.

தாகம் அளவு மீறினால் கதை தலைகீழ். இலை உதிர்ந்த கொடி சர்க்கரை சேர்ப்பதை நிறுத்திவிடும், டானின் பச்சையாகவே நிற்கும். சிராவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: பூத்து 90 நாட்களை ஒட்டி, இலையிலிருந்து காய்க்கு வரும் சாற்றோட்டம் அடங்கிவிடும். அதன் பிறகு காய் சுருங்கத் தொடங்கும். சர்க்கரை அளவு ஏறுவதுபோல் கருவி காட்டும். உண்மையில் நீர்தான் குறைகிறது. இதைப் பழுத்தல் என்று எண்ணிக் காத்திருப்பவர் கையில் 15 சதவீத ஆல்கஹாலும் உலர்திராட்சை வாசமும்தான் மிஞ்சும். சரிவில் நிற்பவர் சர்க்கரை எண்ணை மட்டும் நம்பாமல், நூறு காய்களை எடுத்து எடை பார்ப்பது இதற்காக. முந்தின வாரத்தைவிட எடை குறைந்து சர்க்கரை ஏறியிருந்தால், அது பழுத்தல் இல்லை, சுருக்கம்.

சரிவின் உழைப்பு

இந்தத் தோட்டங்களில் டிராக்டர் ஏறாது. வடக்கு ரோனின் இன்னொரு ஒயின் பகுதியான கோத் ரோத்தியில் சில இடங்களில் சரிவு மிகவும் செங்குத்து. அங்கே பாறை பெரும்பாலும் மைக்கா படலப்பாறை, கிரானைட் அதன் தெற்கு ஓரத்தில்தான். ஆனால் உழைப்பு ஒன்றே. சிராவின் தளிர் நீளமாக, முறியும் தன்மையோடு வளரும். வடக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக வீசும் மிஸ்திரால் காற்று அதை அடியோடு ஒடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கழி: செஸ்ட்நட் அல்லது அகேசியா மரத்தில். கோத் ரோத்தியில் இரண்டு மூன்று கழிகளைச் சாய்த்து உச்சியில் சேர்த்துக் கட்டுவார்கள். கம்பி வரிசை போட்டால் சரிவின் குறுக்கே ஆள் நடக்க முடியாது. கழி என்றால் எந்தப் பக்கமும் போகலாம். ஹெக்டேருக்கு 8,000 முதல் 10,000 கொடிகள், எல்லாவற்றுக்கும் கைவேலை. விளைச்சல் ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டரை ஒட்டி. ஒரு கொடிக்குக் கணக்கிட்டால் அரை லிட்டர் அல்லது அதற்கும் கீழே.

அடுக்குகளைத் தாங்கும் கல்சுவர்களில் காரை கிடையாது. காரை பூசினால் மழைநீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். காரையில்லாச் சுவரில் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். ஒரு கல் நகர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் சுவரின் நடுப்பகுதி பிதுங்கும், அடுத்த பெருமழையில் மேலடுக்கு மண்ணோடு கீழே வரும். சரிந்த கோர் மண்ணைக் கூடையில் சுமந்து மேலே கொண்டு போவது இங்கே பழைய வழக்கம். உழ முடியாத சரிவுகளில் களைக்கொல்லி தெளித்து மண்ணை மொட்டையாக விட்ட காலத்தில் அரிப்பு மோசமானது. இப்போது கயிற்றுவிஞ்சு, குதிரை, கைக்கொத்து என்று பலர் திரும்பியிருக்கிறார்கள். புல்லை அப்படியே வளரவும் விட முடியாது, கோடையில் இருக்கிற கொஞ்ச நீரையும் புல் குடித்துவிடும். வசந்தத்தில் விட்டு, கோடைக்கு முன் வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காகப் போடுவதுதான் நடுவழி.

அமில மண்ணில் செம்பு இன்னொரு சிக்கல். அடிச்சாம்பல் நோய்க்குத் தலைமுறை தலைமுறையாகத் தெளித்த போர்டோ கலவையின் செம்பு மண்ணில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பு மண்ணில் அது கட்டுண்டு கிடக்கும். அமிலத்தன்மை கூடிய கிரானைட் மணலில் கரைந்து வேரைச் சுடும். புதிதாக நடும் முன் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைப்பது இதற்காகவும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல், ஏழு ஆண்டுகளுக்கு மொத்தம் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று செம்புக்கு வரம்பு வைத்தது. இயற்கை முறையில் கிரானைட்டில் பயிரிடுபவருக்கு வரம்பைவிட மண்ணே கடுமையான கண்காணி.

மிளகு கிடைத்த இடம்

பாறைச் சுவைக் கதையை என்னளவில் முடித்துவைத்தது 2008-இல் வந்த ஒரு கண்டுபிடிப்பு. சிராவின் அடையாளமான மிளகு வாசம் எங்கிருந்து வருகிறது என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனம் நெடுங்காலம் தேடியது. விடை ரோட்டண்டோன் என்ற ஒற்றை மூலக்கூறு. கோரைக்கிழங்கில் முன்பே அறியப்பட்டிருந்தது, பெயரும் கோரையின் தாவரப்பெயரை ஒட்டியதே. நம் சமையலறை மிளகின் வாசமும் அதுவேதான். மிளகில் அதன் அளவு ஒயினைவிடப் பல ஆயிரம் மடங்கு. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு இருந்தும் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே புட்டியைச் சுற்றி அமர்ந்த இருவர் மிளகு உண்டு, இல்லை என்று சண்டையிடுவதன் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

ரோட்டண்டோன் தோலில் சேர்கிறது, அதுவும் பழுக்கும் கடைசிக் கட்டத்தில். குலையின் வெப்பம் 25 பாகை செல்சியஸைத் தாண்டும் நேரம் கூடக்கூட அளவு குறைகிறது. இலையைக் கிள்ளி வெயில் காட்டினால் குறைகிறது. தென்மேற்குப் பிரான்ஸின் தியூரா திராட்சையில் நடந்த சோதனையில் நீர் பாய்ச்சியபோது கூடியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் மவுண்ட் லாங்கி கிரான் ஒரு கிரானைட் மலையின் அடிவாரத் தோட்டம். அங்கே ஒரே வயலுக்குள் இடத்துக்கு இடம் அளவெடுத்தபோது, குளிர்ந்த தெற்குமுகப் பகுதிகளில் (தென்கோளத்தில் தெற்கு முகம்தான் வெயில் குறைந்தது) மிளகு தூக்கலாகவும் வெயில் விழும் பகுதிகளில் குறைவாகவும் இருந்தது.

இதை வடக்கு ரோனில் பொருத்திப் பார்த்தால் பழைய விளக்கம் உடைகிறது. கோர்னாஸின் ரெய்னார் சரிவு சுத்தமான கிரானைட். ஆனால் கிண்ணம்போல் தெற்கு பார்த்து, மிஸ்திராலுக்கு மறைவாக, அடுப்படி வெப்பத்தில் இருக்கிறது. அங்கே கிடைப்பது கருப்பு ஆலிவ், புகையிட்ட இறைச்சி, இறுகிய டானின். மிளகு பின்னால் நிற்கும். அதே ஊரில் 400 மீட்டர் உயரத்தை ஒட்டிய மேட்டுத் தோட்டங்களும் கிரானைட்தான். காற்றடிக்கும், அறுவடை தள்ளிப்போகும், அங்கே மிளகும் ஊதாப்பூ வாசமும் முன்னுக்கு வரும். பாறை ஒன்று, ஒயின் இரண்டு. மிளகு பாறையின் பரிசாக இருந்தால் இப்படி நடக்காது. சொல்லப்போனால், நீரைத் தங்கவிடாத கிரானைட் மணல் மிளகுக்கு எதிராகவே வேலை செய்ய வேண்டும். மிளகைத் தருவது குளிர்ச்சி: உயரம், காற்று, சரிவின் முகம், இலைநிழல். சேன் ஜோசெஃப் தனி ஒயின் பகுதியாக 1956-இல் அங்கீகாரம் பெற்றபோது தூர்னோன், மோவ் முதலான ஆறு ஊர்கள் மட்டுமே அதில் இருந்தன. 1969-க்குப் பிறகு வலக்கரையில் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்தது. ஒரே பெயர், பெருமளவு ஒரே பாறை. ஆனால் தெற்கு முனைக்கும் வடக்கு முனைக்கும், நதியோரச் சரிவுக்கும் மேட்டுக்கும் சுவை எவ்வளவோ வேறு. புட்டியின் சீட்டில் 'கிரானைட்' என்று போடுவதைவிட உயரத்தையும் முகத்தையும் போட்டால் வாங்குபவருக்கு அதிகம் பயன்.

நிலவறையில் பிறக்கும் 'கல்'

புகை, தீப்பொறி, தீட்டிய கல் என்று சொல்லப்படும் வாசத்துக்கு வருவோம். இதற்கும் மண்ணோடு உறவு உண்டு, ஆனால் சுற்றுவழியில். ஊட்டமற்ற மண்ணில் விளைந்த பழச்சாற்றில் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 140, 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஈஸ்ட் திணறும், ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். சிரா இயல்பிலேயே இந்தக் கந்தக வாடைக்குச் சாய்ந்த திராட்சை. அளவு மிகச் சிறியதாக இருந்தால் அதன் உறவுக்கார மூலக்கூறுகள் உரசிய தீக்குச்சி, தீட்டிய கல் என்று மூக்குக்குப் படும். மீறினால் அழுகிய முட்டை, ரப்பர். பலரும் கிரானைட்டின் மணம் என்று புகழ்வதில் ஒரு பகுதி இந்தக் கந்தகம்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நொதித்தலுக்கு முன் சாற்றின் நைட்ரஜனை அளந்துவிடுவது நல்ல வழி. குறைவாக இருந்தால் ஊட்டத்தை முழுவதும் தொடக்கத்திலேயே கொட்டாமல், ஒரு பங்கை ஈஸ்ட் கிளம்பியதும், மறுபங்கைச் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் இட வேண்டும். நொதிக்கும்போது சாற்றைக் கீழிருந்து எடுத்துக் காற்றுப்படும்படி மேலே ஊற்றினால் சல்ஃபைடு பறந்துவிடும். பீப்பாயில் போன பிறகும் வாடை நின்றால், அடிவண்டலைப் பிரித்து வேறு பீப்பாய்க்கு மாற்றுவது அடுத்த படி. செம்பு சல்ஃபேட் கடைசி மருந்து. எஞ்சும் செம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதிலும் ஒரு பொறி உண்டு. செம்போடு கட்டுண்ட சல்ஃபைடு புட்டிக்குள் காற்றில்லாமல் கிடக்கும்போது மீண்டும் அவிழ்ந்து வரக்கூடும். ஆகவே சிறு குப்பிகளில் சோதித்து, வேலை செய்யும் மிகக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காம்போடு முழுக்குலையாக நொதிக்கவைப்பது கோர்னாஸின் பழைய வழக்கம். காம்பு டானினும் மசாலா வாசமும் தரும், கூடவே பொட்டாசியமும் தரும். பொட்டாசியம் டார்டாரிக் அமிலத்தைப் படிய வைப்பதால் பி.எச். 0.1, 0.2 என்று ஏறும், நிறமும் சற்று வெளுக்கும். காம்பு பழுப்பேறி மரமாக முதிர்ந்திருந்தால் இந்த விலை கொடுக்கத் தகும். பச்சையாக இருந்தால் அந்தக் கசப்பை எந்த வயதும் தீர்க்காது. வெப்ப ஆண்டில், வெப்பச் சரிவில் முழுக்காம்பு. குளிர் ஆண்டில் காம்பு நீக்கிப் பாதியோ அதற்கும் குறைவோ. புது ஓக் பீப்பாய் கிரானைட் சிராவுக்கு அரிதாகவே நல்லது செய்கிறது. 228 லிட்டர்ப் புதுப் பீப்பாயின் வனிலாவும் இனிப்பும் அந்த இறுக்கத்தின் மேல் பூச்சாக நிற்கும். 600 லிட்டர்ப் பழைய பீப்பாயில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வைத்தவை எனக்குத் தெளிவாகப் பேசுகின்றன. கோர்னாஸில் தன் ஒயினைத் தானே புட்டியில் அடைத்த முன்னோடிகளில் ஒருவரான ஒகுஸ்த் கிளாப், 2018-இல் மறையும்வரை பழைய மரத்தையே நம்பினார்.

இளங்கோர்னாஸை வாங்கியவர் எட்டுப் பத்து ஆண்டு வைத்திருக்கலாம். முடியாதென்றால் குடிக்க ஒரு மணி நேரம் முன்பே வாயகன்ற குடுவைக்கு மாற்றி, 16 முதல் 18 பாகையில் ஊற்றலாம். மூக்கில் படும் கல் வாசம் எதனுடையது என்று அறிய வீட்டிலேயே வழி உண்டு. இரண்டு கோப்பைகளில் சிறிது ஊற்றி, ஒன்றில் நன்கு தேய்த்துக் கழுவிய செம்புத் துண்டைப் போட்டு ஒரு நிமிடம் சுழற்றி, துண்டை எடுத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றி முகர வேண்டும். செம்பு போட்டதில் கல் வாசம் மறைந்து பழம் மேலே வந்தால், அது கந்தகம். அந்தக் கோப்பையைக் கொட்டிவிடலாம். வாசம் மாறாவிட்டாலும் கந்தகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, இரட்டையாக இணைந்துவிட்ட டைசல்ஃபைடுகளைச் செம்பு தொடாது. மறையாமல் நிற்கும் இறுக்கம், நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும் டானின், உமிழ்நீர் ஊறவைக்கும் அமிலம் ஆகியவை தோலும் தாகமும் சரிவும் தந்தவை, எந்தச் செம்பாலும் அவற்றை எடுக்க முடியாது.